கேட்டதும் சொன்னதும்: பஞ்சுத் துறைமுகத்து மேயர்

போன இதழில் பட்டர்வொர்த் வாசகி ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அவருடைய மகள் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து மொபீல் நகரத்தில் வேலை செய்கிறார். அங்கே மக்னோலியா என்ற பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது ஜோன்ஸ் விதர்ஸ் என்ற ஒருவருடைய கல்லறையைக் காட்டி, இவர் இந்த ஊர் மேயராகவும் இருந்தவர், போரில் ஜெனரலாகவும் இருந்தவர் என்று கூட வந்தவர்கள் பெருமையாகச் சொன்னார்களாம். யார் இவர் என்பது கேள்வி. போர் என்றால் 1861லிருந்து 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர், அடிமை முறை இருந்த தெற்கு மாநிலங்கள் நாட்டிலிருந்து பிரிந்து போய் வடக்கோடு மோதியது. விதர்ஸ் தெற்குப் பக்கம். பக்கத்தில் இடம் இல்லாததால் நான்கு வரியில் பதில் சொல்லி முடித்துவிட்டேன், மேயர், ஜெனரல், 1890ல் இறந்தார் என்று. அப்படிச் சுருக்கியது தப்பு என்று அதற்குப் பிறகு வந்த கடிதங்களைப் படித்தபோதுதான் புரிந்தது. அதனால் இந்த முறை வேறு எதையும் எடுக்கவில்லை, முழுப் பக்கமும் அந்த ஒரே ஆளுக்கும் அவர் ஊருக்கும்தான்.

நம் ஊரில் மேயர் என்றால் திறப்பு விழாவுக்கு வருவார், மரம் நடுவார். அவர் எப்படி ஜெனரல் ஆனார்? துப்பாக்கி பிடிக்கத் தெரியுமா அவருக்கு?
(வாசகர், ஜெலுத்தோங்)

நன்றாகவே தெரியும் ஐயா. போன தடவை நான் சொல்லாமல் விட்டது அதைத்தான். ஜோன்ஸ் மிட்செல் விதர்ஸ் 1814 ஜனவரியில் அலபாமாவின் வடக்கே மேடிசன் மாவட்டத்தில் பிறந்தவர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்து 1835ல் வெளியே வந்தார். அதே ஆண்டு அதே கல்லூரியிலிருந்து வெளியே வந்த இன்னொருவர் ஜார்ஜ் மீட். 28 ஆண்டு கழித்து கெட்டிஸ்பர்க் போரில் வடக்குப் படையை நடத்தி வென்ற அதே மீட்தான். அரசாங்கச் செலவில் ஒரே கூரையின் கீழ் படித்த பிள்ளைகள் பின்னால் எதிரெதிர் பக்கத்தில் நின்றார்கள் என்பது அந்தப் போர் முழுக்கவே வரும் கதை.

ஆனால் விதர்ஸுக்கு அப்போது ராணுவ வேலையில் மனம் ஒட்டவில்லை. சில மாதங்களிலேயே ராஜினாமா செய்துவிட்டுச் சட்டம் படிக்கப் போனார், மாநில ஆளுநர் கிளே என்பவரிடம் செயலாளராக இருந்தார், 1840களின் தொடக்கத்தில் மொபீலுக்குக் குடிவந்தார். அப்புறம் 1847ல் மெக்சிகோவோடு நடந்த போருக்காகத் திரும்பவும் சீருடை போட்டார், முதலில் லெப்டினன்ட் கர்னல், பிறகு 9ஆம் காலாட்படைக்குக் கர்னல். போர் முடிந்த 1848லேயே மறுபடியும் ராஜினாமா. ஊருக்குத் திரும்பிப் பஞ்சுத் தரகரானார். 1855ல் மாநிலச் சட்டசபைக்குப் போனார், 1858ல் மேயர். அதாவது 44 வயதில் அந்த நாற்காலியில் உட்காரும்போதே அவர் கர்னல் பதவியைப் பார்த்துவிட்டு வந்தவர். 1861ல் அலபாமா பிரிந்து போனபோது ஊரில் பயிற்சி பெற்ற ஆட்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான் இருந்தார்கள், மேயர் அவர்களில் ஒருவர், அவ்வளவுதான்.

பினாங்கின் முதல் மேயர் டி.எஸ். ராமநாதன் போல மக்கள் ஓட்டில் வந்தவரா, அல்லது இப்போது போல நியமனமா?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், ஆயர் ஈத்தாம்)

நீங்கள் ராமநாதன் பெயரைச் சொன்னதும் மனம் நிறைந்தது. 1957ல் ஜார்ஜ் டவுன் மாநகரம் ஆனபோது அதற்கு முதல் மேயர் ஒரு தமிழர், அதுவும் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஸ்காட் ரோட் அவர் பெயரில் ஜாலான் டி.எஸ். ராமநாதன் ஆனது, அந்த வழியில் தினம் போகிறவர்கள்கூட யார் என்று கேட்பதில்லை.

சரி, விதர்ஸ். அவரும் ஓட்டில் வந்தவர்தான். ஆனால் யாருடைய ஓட்டு என்று கேட்க வேண்டும். அந்தக் காலத்து அலபாமாவில் வெள்ளை ஆண்களுக்கு மட்டும்தான் ஓட்டு. 1860 கணக்குப்படி மொபீலில் 29,000க்குக் கொஞ்சம் மேல் மக்கள், அதில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் அடிமை. பெண்களுக்கு ஓட்டு இல்லை, அடிமைகளுக்கு இல்லை, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பர்களுக்கும் இல்லை. நம் முனிசிபல் தேர்தல் 1951ல் தொடங்கியது, 1965ல் நிறுத்தப்பட்டது, அதற்கப்புறம் திரும்பவே இல்லை என்று நாம் வருத்தப்படுகிறோம். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் தேர்தல் இருந்ததாலேயே ஒரு ஊர் நியாயமான ஊராகிவிடாது என்பதற்கு மொபீல் சாட்சி.

பஞ்சுத் தரகர் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் கடை வைத்திருந்தாரா? ஒரு தரகர் எப்படி ஊரையே ஆள முடிந்தது?
(வாசகி, பினாங்கு ஸ்த்ரீட் பக்கத்திலிருந்து)

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் எழுத விரும்பினேன் அம்மா. விதர்ஸின் வாழ்க்கையை வாசிக்கிறவர்கள் எல்லாரும் சீருடையைத்தான் பார்க்கிறார்கள், அவருடைய சோறு எங்கிருந்து வந்தது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

மொபீல் ஒரு ஆற்று வாய்த் துறைமுகம். உள்நாட்டில் கறுப்பு மண் பூமியில் விளைந்த பஞ்சு அலபாமா ஆற்றிலும் டொம்பிக்பீ ஆற்றிலும் நீராவிப் படகுகளில் மொபீலுக்கு இறங்கும். பஞ்சு ஏற்றுமதியில் நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்த இடம் இந்த ஊருக்குத்தான், முக்கால்வாசி பேச்சும் பஞ்சு விலை பற்றியதாகத்தான் இருக்கும். தரகர் என்றால் வெறுமனே வாங்கி விற்கிறவர் இல்லை. தோட்டக்காரருடைய பஞ்சை விற்றுக் கொடுப்பார், அதில் கமிஷன் எடுப்பார், அடுத்த விளைச்சலை நம்பி முன்பணம் கொடுப்பார், தோட்டத்துக்கு வேண்டிய உப்பு, மாவு, துணி, இரும்புச் சாமான் எல்லாம் வாங்கி அனுப்புவார், அதற்கும் வட்டி. உங்கள் தெருவில் செட்டியார் கிட்டங்கிகளில் நிலப் பட்டாவை அடகு வைத்துக் கடன் வாங்கினார்கள் இல்லையா, அதே மாதிரி அங்கே தோட்டக்காரர்கள் நிலத்தை மட்டுமல்ல, மனிதர்களையும் ஈடு வைத்தார்கள். ஆண் இத்தனை, பெண் இத்தனை, குழந்தை இத்தனை என்று பேர் எழுதி விலை போட்டுப் பத்திரம். கடன் திரும்பவில்லை என்றால் ஏலம். ஒரு குடும்பம் நாலு திசைக்குப் பிரிந்து போகும்.

மொபீல் குடாவில் ஆழம் கம்மி. பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாது, குடாவின் கீழ்ப் பகுதியில் நங்கூரம் போட்டு நிற்கும், மூட்டைகளைச் சின்னப் படகுகளில் ஏற்றிக் கொண்டு போய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். இதை வாசித்தபோது எனக்கு என் தாத்தா ஞாபகம்தான் வந்தது. அவர் பினாங்குத் துறைமுகத்து வெல்டு கீயில் தொங்காங் என்ற சரக்குப் படகில் மூட்டை தூக்கினவர், கடைசிக் காலத்தில் தோள் பட்டையில் ஒரு பக்கம் மட்டும் தழும்பு கட்டிப் போய்த் தடித்திருக்கும், பிள்ளைகள் நாங்கள் தொட்டுப் பார்ப்போம். மொபீலில் ஒரு பஞ்சு மூட்டை ஏறக்குறைய 500 பவுண்டு, நம் கணக்கில் 225 கிலோ. அதை உருட்டித் தள்ளிய கைகளில் பல சம்பளம் பார்க்காத கைகள். அந்த மூட்டைக்குக் கமிஷன் வாங்கியவர்கள்தான் ஊருக்குக் கவுன்சிலர், மேயர், சட்டசபை உறுப்பினர் ஆனார்கள். விதர்ஸ் மட்டும் தனியாகக் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை, அந்த ஊரே அந்த மூட்டையின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

இன்னொன்று. அவர் மேயராக இருந்த அதே காலத்தில், 1860 ஜூலை மாதத்தில், க்ளோடில்டா என்ற கப்பல் இரவோடு இரவாக மொபீல் குடாவுக்குள் வந்தது. உள்ளே மேற்கு ஆப்பிரிக்காவின் விடா துறைமுகத்திலிருந்து கொண்டு வந்த ஏறக்குறைய 110 பேர். வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குவது 1808லிருந்தே அமெரிக்காவில் சட்ட விரோதம். டிமதி மீஹர் என்ற உள்ளூர்ப் பணக்காரர் செய்த ஏற்பாடு, வில்லியம் ஃபோஸ்டர் கப்பலின் கேப்டன். ஆட்களை இறக்கியதும் தடயம் இருக்கக்கூடாது என்று கப்பலையே கொளுத்திவிட்டார்கள். வழக்கு போட்டார்கள், ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. ஊர் முழுக்கத் தெரிந்த ரகசியம் அது. மகள் பார்த்த கல்லறையைப் பற்றிப் பேசும்போது இந்தக் கப்பலைப் பேசாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் போர் மாநில உரிமைக்காக நடந்தது, அடிமைத்தனத்துக்காக இல்லை என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள். என் மகன் அதையே நம்புகிறான். எது உண்மை?
(வாசகர், பிறை)

மகனிடம் அலபாமாவின் பிரிவினைத் தீர்மானத்தையே எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், 1861 ஜனவரி 11ல் போட்டது. லிங்கன் தேர்ந்தெடுக்கப்பட்டதைக் காரணம் காட்டிவிட்டு, தெற்கில் அடிமை வைத்திருக்கும் மாநிலங்களெல்லாம் பிப்ரவரி 4ஆம் தேதி மாண்ட்கமரி நகரத்தில் கூடுவோம் வாருங்கள் என்று அதில் அழைப்பு இருக்கிறது. 'அடிமை வைத்திருக்கும்' என்று அவர்களே எழுதிய சொல், பின்னால் வந்தவர்கள் ஒட்டியது இல்லை. பிரிந்து போன மாநிலங்கள் சேர்ந்து எழுதிய அரசியல் சட்டத்தில், அடிமைகளைச் சொத்தாக வைத்திருக்கும் உரிமையைக் குறைக்கும் சட்டம் எதையும் போடக்கூடாது என்று தனியாக ஒரு விதி வைத்தார்கள். அவர்களுடைய துணை ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ் அதே ஆண்டு மார்ச்சில் சவானா நகரத்தில் பேசும்போது, தங்கள் புதிய அரசின் மூலைக்கல்லே கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை என்பதுதான் என்று வெளிப்படையாகச் சொன்னார். 1860ல் அலபாமாவில் மொத்தம் 9,64,000 பேர், அதில் 4,35,000 பேர் அடிமைகள். மாநில உரிமை என்றால் எந்த உரிமை என்று அடுத்த கேள்வியைக் கேட்கப் பழக்குங்கள், மகன் தானாகவே வந்துவிடுவான்.

அவர் எந்தப் போரில் ஜெயித்தார்?
(வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

தனியாக ஜெயித்தது என்று ஒன்றும் இல்லை. 1861 ஏப்ரலில் 3ஆம் அலபாமா காலாட்படைக்குக் கர்னலாகி வர்ஜீனியாவின் நார்ஃபோக் பக்கம் போனார், ஜூலையில் பிரிகேடியர் ஜெனரல், அப்புறம் சொந்த ஊரான மொபீலின் காவலையே அவரிடம் கொடுத்தார்கள்.

பெரிய சண்டை என்றால் 1862 ஏப்ரல் 6, 7 தேதிகளில் டென்னசி மாநிலத்து ஷைலோவில் நடந்தது. ப்ராக் என்ற ஜெனரலின் படையில் ஒரு டிவிஷனுக்கு விதர்ஸ் தலைவர். முதல் நாள் காலையில், வடக்குப் படைவீரர்கள் இன்னும் முகாமில் இருக்கும்போதே போய் மோதினார்கள். அவருக்குக் கீழே இருந்த பிரிகேடியர் கிளாடன் பீரங்கிக் குண்டு பட்டுச் சில நாளில் செத்தார். நாள் முழுக்க ஒரு இடத்தில் வடக்குப் படை பிடிவாதமாக நின்றது, சாயங்காலம்தான் அங்கே 2,000க்கு மேற்பட்டவர்கள் சரணடைந்தார்கள். அதற்குப் பிறகும் விதர்ஸின் ஆட்கள் ஆற்றங்கரைத் துறையை நோக்கி இன்னும் ஒரு தடவை போனார்கள், ஜாக்சன் என்பவரின் பிரிகேடில் தோட்டாவே தீர்ந்துவிட்டது, துப்பாக்கி முனைக் கத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மேடேறப் பார்த்தார்கள். முடியவில்லை, இருட்டிவிட்டது. ராத்திரியில் வடக்குக்குப் புதுப் படை வந்து சேர்ந்தது, மறுநாள் தெற்கு பின்வாங்கியது. இரண்டு நாளில் இரண்டு பக்கமும் சேர்த்துச் செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் 23,000க்கு மேல். அமெரிக்கா அதற்கு முன் அப்படி ஒரு சாவைப் பார்த்ததில்லை. விதர்ஸுக்கு அந்த ஏப்ரல் 6 தேதியிட்டு மேஜர் ஜெனரல் பதவி கிடைத்தது.

அந்த ஆண்டு கடைசி நாளில் ஸ்டோன்ஸ் ரிவர் என்ற இடத்தில் இன்னொரு சண்டை, அங்கேயும் அவர் டிவிஷன் போல்க் என்பவருக்குக் கீழே கடுமையாக மோதியது, அங்கேயும் முடிவில் தெற்குதான் பின்வாங்கியது. 1863ல் உடம்பு முடியாமல் களத்திலிருந்து விலகினார். 1864லிருந்து அலபாமாவின் ரிசர்வ் படைக்குத் தலைவர். அந்த ரிசர்வ் படையில் யார் என்றால் 17 வயதுப் பையன்களும் 45லிருந்து 50 வயது வரை உள்ள பெரியவர்களும். நடுவில் இருந்தவர்களையெல்லாம் போர் ஏற்கெனவே தின்றுவிட்டது.

'அலபாமா' என்றால் நம் மலாக்கா நீரிணையில் கப்பல்களை எரித்த அந்த அலபாமாவா? எங்கள் வரலாற்று ஆசிரியர் ஒருமுறை சொன்னார்.
(ஐந்தாம் படிவ மாணவி, சுங்கை பட்டாணி)

அதேதான் அம்மா, கப்பலுக்கு அந்த மாநிலத்தின் பெயர். பாடப் புத்தகத்தில் இல்லாததை ஆசிரியர் சொல்லி நீ ஞாபகம் வைத்திருக்கிறாயே, அவரிடம் என் வணக்கத்தைச் சொல். இங்கிலாந்தின் பர்கன்ஹெட்டில் கட்டிய கப்பல் அது, ராஃபேல் செம்ஸ் கேப்டன். வடக்கின் வணிகக் கப்பல்களைப் பிடித்து எரிப்பதுதான் வேலை. 1863 டிசம்பர் 21ல் சிங்கப்பூருக்கு வந்து நிலக்கரி ஏற்றியது. இந்தக் கப்பலுக்குப் பயந்தே அமெரிக்கக் கப்பல்கள் பல அங்கே வெளியே போகாமல் முடங்கிக் கிடந்தன. 24ஆம் தேதி கிளம்பியதும் அன்றைக்கே மார்டபன் என்ற கப்பலைப் பிடித்துக் கொளுத்தினார்கள். அது பழைய அமெரிக்கக் கப்பல், முந்தின பெயர் டெக்சன் ஸ்டார், பயத்தில் பிரிட்டிஷ் காகிதம் வாங்கிப் பேரை மாற்றியிருந்தார்கள், செம்ஸ் நம்பவில்லை. அதன் ஆட்களைக் கிறிஸ்துமஸ் அன்று மலாக்காவில் இறக்கிவிட்டார்கள். மறுநாள் 26ல் நீரிணையின் மேற்கு வாயில் பக்கம் நங்கூரம் போட்டு நின்ற சொனோரா, ஹைலேண்டர் என்ற இரண்டு கப்பல்களையும் எரித்தார்கள். அப்புறம் வங்கக் கடலைத் தாண்டி, ஜனவரியில் மலபார் கரையோரம் எம்மா ஜேன் என்ற கப்பலை எரித்துவிட்டு அதன் ஆட்களைத் திருவாங்கூர்ப் பக்கம் அஞ்சுதெங்கில் இறக்கினார்கள்.

உனக்குப் பிடிக்கும் என்று இன்னொன்றும் சொல்கிறேன். இந்தச் செம்ஸ் போருக்குப் பிறகு குடியிருந்தது விதர்ஸின் மொபீலில்தான், 1877ல் இறந்ததும் அங்கேதான் புதைத்தார்கள். அவருக்கு 1900ல் ஊர் நடுவில் சிலை வைத்தார்கள், 2020 ஜூனில் எடுத்துவிட்டார்கள்.

அந்தப் போர் நம் பாட்டன் பூட்டன் ஊரையும் தொட்டது. வடக்குக் கடற்படை தெற்கின் துறைமுகங்களை அடைத்ததும் மொபீல் பஞ்சு வெளியே போவது நின்றது, இங்கிலாந்தின் லங்காஷயர் துணி ஆலைகள் பட்டினி கிடந்தன, உடனே விலை நம் பக்கம் ஏறியது. திருநெல்வேலிக் கரிசலில் விளைந்த பருத்திக்குத் தூத்துக்குடியில் என்றைக்கும் இல்லாத கிராக்கி. 1865ல் போர் முடிந்ததும் விலை சரிந்தது.

நான் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் தாத்தா ஒப்பந்தத்தில் வந்தார், லயத்தில் வாழ்ந்தார், கிராணி அடித்தால் வாங்கிக்கொண்டார். கறுப்பர் அடிமை என்றால் நாமும் அடிமைதானே? அதை ஏன் தைரியமாக எழுதுவதில்லை?
(வாசகர், நிபோங் திபால்)

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது ஐயா, என் வீட்டிலும் அதே கதைதான். 1830களிலிருந்தே செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டு வந்தார்கள். கப்பல் செலவு கடனாகத் தலையில் ஏறும், ஒப்பந்தக் காலம் முடியாமல் ஓடினால் சிறை, காய்ச்சலில் செத்தவர்கள் கணக்கில் அடங்காது. 1910ல்தான் அந்த ஒப்பந்த முறை இங்கே நின்றது, கங்காணி முறை 1938 வரை போனது. இதை மறைக்க ஒரு காரணமும் இல்லை.

இருந்தாலும் இரண்டும் ஒன்று என்று என்னால் எழுத முடியாது. உங்கள் தாத்தாவை விற்க முடியாது, உங்கள் அப்பா பிறந்தபோது அவர் இன்னொருவருடைய சொத்தாகப் பிறக்கவில்லை. அலபாமாவில் தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை, பேரனும் அடிமை, முடிவு தேதியே கிடையாது. எழுதப் படிக்கக் கற்றுக் கொடுப்பது அங்கே குற்றம். நம் ஆட்கள் லயத்துக்குள்ளேயே தமிழ்ப்பள்ளி வைத்தார்கள், எவ்வளவு ஓட்டைக் கொட்டகையாக இருந்தாலும் வைத்தார்கள், கோவில் கட்டினார்கள், ஊருக்குக் காசு அனுப்பினார்கள். நம் துன்பத்தை அதன் பெயரிலேயே சொல்வோம், அவர்களுடையதையும் அதன் பெயரிலேயே சொல்வோம். ஒன்றை இன்னொன்றோடு கலந்தால் இரண்டு பேருக்கும் அநியாயம் செய்கிறோம்.

தோற்றுப் போன பிறகு அவரைத் தூக்கில் போடவில்லையா? ராஜத் துரோகம் இல்லையா அது?
(வாசகி, தைப்பிங்)

போடவில்லை. 1865 ஏப்ரல் 12ல் மொபீல் சரணடைந்தது, விதர்ஸ் அல்ல, அவருக்குப் பிறகு மேயராக வந்த ஸ்லோ என்பவர் ஊரை ஒப்படைத்தார். அடுத்த மாதமே மே 25ல் ஊரில் வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துச் சுமார் 300 பேர் செத்தார்கள், வடக்குப் பக்கம் பாதி நகரம் நாசம். போரில் தப்பித்த ஊர் போர் முடிந்து அப்படி அழிந்தது. அதற்கு முன்பே, 1863 செப்டம்பரில், 'ரொட்டி கொடு இல்லை ரத்தம்' என்று எழுதிய பதாகையோடு ஏழைப் பெண்கள் மொபீல் தெருவில் இறங்கிக் கடைகளை உடைத்திருக்கிறார்கள். ஜெனரல்களின் கதையில் இந்தப் பெண்கள் வருவதில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் 1865 மே மாதம் பொது மன்னிப்பு அறிவித்தார். கர்னலுக்கு மேல் பதவியில் இருந்தவர்கள் மட்டும் தனியாக மனுப் போட வேண்டும், விதர்ஸ் அந்த வகை. மன்னிப்பு தாராளமாகக் கிடைத்தது, 1868 கிறிஸ்துமஸ் அன்று மீதிப் பேருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். விதர்ஸ் மொபீலுக்குத் திரும்பிப் பஞ்சுத் தரகையே பார்த்தார், ஒரு நாளிதழுக்கு ஆசிரியராகவும் இருந்தார். இதைக் கேளுங்கள், மறுபடியும் மேயராகவும் ஆனார்! தோற்ற இரண்டே ஆண்டுக்குள்.

ஆனால் அந்த இரண்டாவது தடவை நீடிக்கவில்லை. 1867 மே 14ஆம் தேதி பென்சில்வேனியாவிலிருந்து வந்த நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் கெல்லி மொபீலில் கூட்டம் போட்டுப் பேசினார், கேட்டுக் கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் புதிதாக விடுதலை பெற்ற கறுப்பர்கள். நடுவில் துப்பாக்கிச் சூடு, கலவரம், உயிர்கள் போயின. ஊர்க் காவல்துறை காக்க வேண்டியவர்களைக் காக்கவில்லை. அப்போது தெற்கு ராணுவ ஆட்சியின் கீழ் இருந்தது, ஜெனரல் போப் மேயர் விதர்ஸைப் பதவியிலிருந்து தூக்கிவிட்டு, போர்க் காலம் முழுக்க வடக்கின் பக்கம் நின்ற கஸ்டாவஸ் ஹார்ட்டன் என்ற உள்ளூர் வியாபாரியை அந்த இடத்தில் வைத்தார். போன இதழின் நான்கு வரியில் இது இல்லாமல் போனதற்குத்தான் நான் வருந்துகிறேன். ஒரு மேயருடைய வேலையே ஊர் மக்களின் உயிரைக் காப்பது, அதில் தவறியதற்காக வேலை போனவர் என்பதும் அவர் வாழ்க்கையின் பகுதிதானே.

அதற்கப்புறம் 1878, 79ல் நகரப் பொருளாளராக இருந்தார். அதே 1879ல் கடன் தாங்க முடியாமல் மொபீலின் நகர உரிமைப் பட்டயத்தையே மாநிலம் ரத்து செய்தது. 1890 மார்ச் 13ல் இறந்தார்.

ஒரே வரியில் சொல்லுங்கள், அவர் நல்லவரா கெட்டவரா?
(வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

தைரியசாலி, ஊர்ப் பற்று உள்ளவர், மனிதர்களை விற்று வாங்கும் ஒரு நாட்டைக் காப்பாற்ற 17 வயதுப் பிள்ளைகளைத் துப்பாக்கி தூக்க வைத்தவர். இதில் எதையும் என்னால் அழிக்க முடியவில்லை.

மகள் இன்னும் ஒரு வருடம் மொபீலில் இருப்பாள். கல்லறைத் தோட்டம் தவிர வேறு என்ன பார்க்கச் சொல்லட்டும்?
(அதே பட்டர்வொர்த் வாசகி)

ஆப்பிரிக்கா டவுனுக்குப் போகச் சொல்லுங்கள் அம்மா, நகர மையத்திலிருந்து கொஞ்சம் வடக்கே, காரில் பத்துப் பதினைந்து நிமிடம். க்ளோடில்டா கப்பலில் வந்தவர்கள் உருவாக்கிய ஊர் அது. 1865ல் விடுதலை கிடைத்ததும் அவர்களுக்கு ஊர் திரும்பத்தான் ஆசை, கப்பல் கூலிக்குக் காசு இல்லை. மீஹரிடம் போய், எங்களை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டு வந்தாய், குடியிருக்கக் கொஞ்சம் நிலமாவது கொடு என்று கேட்டார்கள், மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஆண்கள் மர ஆலையில் வேலை செய்து, பெண்கள் காய்கறி விற்று, காசு சேர்த்து நிலம் வாங்கினார்கள், சிலருக்கு அதே மீஹர் குடும்பத்திடமிருந்தேதான் வாங்க வேண்டியிருந்தது. தங்களுக்குள் தலைவர் வைத்துக் கொண்டார்கள், சர்ச் கட்டினார்கள், பள்ளி வைத்தார்கள். அவர்களில் ஒருவர் ஒலுவாலே கொசோலா, அமெரிக்காவில் குட்ஜோ லூயிஸ் என்று கூப்பிட்டார்கள், 1935 வரை உயிரோடு இருந்து தன் சொந்த ஊரைப் பற்றி வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக் கொண்டே இருந்தார். எரித்து மூழ்கடித்த கப்பலின் சிதைவு அதுதான் என்று 2019ல் உறுதி செய்தார்கள், 2023ல் அந்த ஊரிலேயே ஒரு காட்சியகமும் திறந்திருக்கிறார்கள்.

கொசோலாவின் கல்லறையும் அந்த ஊரில்தான் இருக்கிறது. மகள் போய்விட்டு வந்து எழுதினால், கடிதத்தை எனக்கும் கொஞ்சம் அனுப்பி வையுங்கள்.